அப்பாவின் மூக்கும் கொம்புச்சா ஜாடியும்

அப்பா கரண்டியிலிருந்து தேத்தண்ணியை உறிஞ்சும் சத்தம் எங்கள் ஃப்ளாட்டின் எந்த அறையிலும் கேட்கும். உதட்டில் காற்றையும் சேர்த்து இழுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் தெறிக்கவிட்டு, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்குவார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் 31 வருஷம் வேலை செய்த மனிதர். ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறார். இப்போது அவர் உறிஞ்சிப் பார்ப்பது பெரும்பாலும் என் கொம்புச்சாவைத்தான், இனிப்புத் தேத்தண்ணியைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம் அது.

நான் கொம்புச்சா போடத் தொடங்கியது 2021இல். என்னோடு வேலை செய்யும், நுகேகொடையிலிருந்து வரும் ஒரு அக்கா ஜாம் போத்தலில் கொஞ்சம் புளித்த தேத்தண்ணியும், அதில் மிதக்கும் வழுவழுப்பான வட்டமான ஒன்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பார்க்க இளநீர் வழுக்கையைத் தட்டையாக்கி வைத்த மாதிரி இருந்தது. ஸ்கோபி என்பார்கள். நாங்கள் வீட்டில் 'தாய்' என்கிறோம். ஒவ்வொரு தடவையும் அதன் மேலே புதிதாக ஒரு படலம் பிறக்கும் என்பதால் அந்தப் பெயர் சரியாகவே இருக்கிறது.

அக்கா சொன்னது இவ்வளவுதான்: இனிப்புத் தேத்தண்ணி ஆறினதும் இதைப் போடு, துணியால் மூடு, பத்து நாள் தொடாதே. நானும் பத்து நாள் தொடவில்லை. திறந்து ஒரு வாய் வைத்தபோது தொண்டை எரிந்தது. சுத்தமான வினாகிரி. சமையலுக்கு ஊற்றலாம், குடிக்க முடியாது. இரண்டாவது தடவையும் அப்படியே.

மூன்றாவது தடவை நாலாம் நாள் காலை, அப்பா தானாகப் போய் துணியை விலக்கி மோந்து பார்த்துவிட்டு வந்தார். "இன்னும் பச்ச வாசம் போகலம்மா. நாளைக்குப் பாரு, நாளன்னைக்கு விட்டுடாத" என்றார். மறுநாள் காலையில் ஒரு கரண்டி எடுத்து அவரிடம் கொடுத்தேன். உறிஞ்சினார். "சாயந்தரம் எறக்கிடு" என்றார். அன்று பின்னேரம் இறக்கியதுதான் நான் முதல்முதலாக ரசித்துக் குடித்த கொம்புச்சா.

அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பது எனக்குப் புரிய நாளெடுத்தது. கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டு நசுக்கியபின், அந்த ஈரத் தூளை மெல்லிசாகப் பரப்பி வைக்கும் அறையில்தான் அவருக்குப் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. பச்சையாக இருந்த இலை அங்கே செம்பு நிறத்துக்கு மாறும். பச்சைப்புல் வாசம் போய் ஒரு பழ வாசம் எழும். அந்த நேரத்தைப் பிடித்துத் தூளைச் சூட்டு அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேயிலை துவர்க்கும், பிந்தினால் சப்பென்று போகும். குளிரான இரவில் அதிக நேரமும், வெயில் ஏறிவிட்டால் குறைந்த நேரமும் எடுக்கும். கடிகாரம் சுவரில் தொங்கினாலும் கடைசி வார்த்தை மூக்குடையதுதான் என்பார்.

பெக்டரியில் இதை 'ஃபெர்மென்டிங்' என்றே சொல்கிறார்கள். உண்மையில் அங்கே கிருமி எதுவும் வேலை செய்வதில்லை. நசுங்கிய இலையில் இருக்கும் நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து செய்யும் ஒட்சியேற்றம் அது. ஜாடிக்குள் நடப்பதுதான் உண்மையான புளிப்பு. மதுவம், பேக்கரியில் ஈஸ்ட் என்பார்களே அது, சீனியை உடைத்து மதுசாரமும் வாயுவும் ஆக்குகிறது. பக்டீரியா அந்த மதுசாரத்தைக் காற்றின் உதவியோடு வினாகிரி அமிலமாக்குகிறது. அதே பக்டீரியா கூட்டம்தான் சீனியிலிருந்து நார் நூற்றுத் 'தாய்' என்ற அந்தப் படலத்தை நெய்கிறது. கடைகளில் டப்பாவில் வரும் நாட்டா டி கோக்கோ இருக்கிறதே, தேங்காய்த் தண்ணீரில் செய்வது, அதுவும் இந்தச் சாதிப் பக்டீரியா நெய்த நார்தான். இதைச் சொன்னபின் என் மகள் தாயைப் பார்த்து அருவருப்பதை நிறுத்திவிட்டாள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஜப்பானில் கொம்புச்சா என்றால் கொம்பு என்ற கடற்பாசியில் போடும் தேநீர். நாம் சொல்லும் இந்தப் புளித்த பானத்துக்கு அங்கே வேறு பெயர், தேநீர்க் காளான் என்ற பொருளில். ரஷ்யர்களும் காளான் என்றே சொல்கிறார்கள். காளான் அல்லாத ஒன்றுக்கு எல்லோரும் காளான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, கொழும்புக்கு வருவோம். இணையத்தில் படிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. 7 முதல் 14 நாள் என்பார்கள். ஜாடியைச் சூடாக்கும் பட்டியைக்கூட வாங்கச் சொல்வார்கள். எங்கள் சமையலறையில் இரவும் பகலும் 28 பாகைக்குக் கிட்டத்தான் இருக்கிறது, ஏப்ரலில் அதற்கும் மேலே. இங்கே நாலாம் நாளிலிருந்து ருசி பார்க்கத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் ஐந்தாம் நாள் இறக்குகிறேன். டிசம்பரில் மழை விடாமல் பெய்தால் ஏழு நாள்வரை போகும். ஆகவே என்னிடம் "எத்தனை நாள்?" என்று கேட்பவர்களுக்கு நான் நாள் சொல்வதில்லை. நாலாம் நாள் மோந்து பாருங்கள், கரண்டியில் எடுத்து உறிஞ்சுங்கள் என்றுதான் சொல்கிறேன். இனிப்பு முன்னால் வந்து புளிப்பு பின்னால் வந்தால் இன்னும் பொறுக்கலாம். இரண்டும் ஒன்றாக வந்தால் அன்றைக்கே இறக்க வேண்டும்.

மூன்று லீற்றர் ஜாடிக்கு என் அளவு இது. தண்ணீர் இரண்டரை லீற்றர், சீனி 200 கிராம், தேயிலை 15 கிராம், முந்திய தடவையில் எடுத்து வைத்த புளித்த கொம்புச்சா 300 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து இறக்கி, தேயிலையைப் போட்டு ஆறு நிமிஷம் மூடி வைத்து வடித்து, சூட்டோடு சீனியைக் கரைக்கிறேன். மீதி ஒன்றரை லீற்றர் முதல் நாளே கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர். அதை ஊற்றினால் எல்லாம் சீக்கிரம் ஆறிவிடும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குளோரின் வாசமும் போய்விடுகிறது. கையை வைத்தால் சூடு தெரியாத பதம் வந்தபின்தான் பழைய கொம்புச்சாவும் தாயும் உள்ளே போக வேண்டும். சூட்டில் போட்டால் எல்லாம் செத்துப்போகும்.

அந்தப் பழைய கொம்புச்சாவில் கஞ்சத்தனம் கூடாது. பலர் தாய்தான் முக்கியம் என்று நினைத்து, அதை மட்டும் எடுத்து வைத்துத் தண்ணியைக் குடித்து முடிக்கிறார்கள். ஜாடியைக் காப்பாற்றுவது அந்தப் புளித்த தண்ணிதான். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூட என்று அர்த்தம். முதல் நாளே அது 4.5க்குக் கீழே இருந்தால் கெட்ட கிருமிகள் வளர்வது கஷ்டம், பூஞ்சணத்துக்கும் வாய்ப்புக் குறையும். நான் பிஎச் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். இறக்கும் நேரத்தில் 3க்குக் கிட்ட நிற்கும்.

ஜாடி கண்ணாடியாகவே இருக்கட்டும். புறக்கோட்டையில் கண்ணாடிச் சாமான் கடைகளில் வாய் அகன்ற ஜாடி கிடைக்கும். வர்ணம் பூசிய மண்சாடியில் போடாதீர்கள். மேல்பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதை இழுத்துவிடும். அலுமினியமும் பித்தளையும் கிட்டவே வரக்கூடாது. மூடுவதற்கு என் பழைய வொயில் சாறி ஒன்றை வெட்டி மூன்று மடிப்பாக மடித்து, ரப்பர் பட்டியால் இறுக்குகிறேன். நுணுக்கமான நெசவாக இருக்க வேண்டும், பழ ஈ சின்ன ஓட்டைக்குள்ளும் போகும். இன்னொரு எதிரி எறும்பு. ஜாடியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துகிறேன், அம்மா சீனி டப்பாவை வைத்த மாதிரி.

மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி உலர்ந்து எழுந்தால் அது பூஞ்சணம். தாய், தண்ணி எல்லாவற்றையும் கொட்டுங்கள். மேலே மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் குடிக்கலாமா என்று கேட்க வேண்டாம். அடியில் தொங்கும் பழுப்பு நூல்கள் வேறு, அவை மதுவம், பயமில்லை.

தேயிலையைப் பற்றி அப்பாவும் நானும் நிறையப் பேசியிருக்கிறோம். நான் முதலில் கையில் கிடைத்த தூளைப் போட்டேன். கலங்கலாகி அடியில் சேறு மாதிரிப் படிந்தது. இப்போது ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்து பி.ஓ.பி. என்ற உடைந்த இலைத் தரம் மட்டும். அதன் சுறுசுறுப்பான துவர்ப்பு புளிப்புக்குப் பிறகும் நிற்கிறது. இஞ்சியோடு அதற்குத்தான் பொருத்தம். நுவரெலியாத் தேயிலையில் போட்டால் வெளிறிய நிறத்தில் பூ வாசமாக வரும், மெல்லிய பழங்களுக்கு நல்லது. காலி, மாத்தறைப் பக்கத் தாழ்நிலத் தேயிலை கடும் நிறம், கொஞ்சம் தேன் மாதிரிக் கனம். கறுவா சேர்ப்பதாக இருந்தால் அதை எடுக்கிறேன். ஏர்ல் கிரே மாதிரி வாசனை எண்ணெய் சேர்த்த தேயிலை வேண்டாம், அந்த எண்ணெய் தாய்க்கு ஆகாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. அந்த மலைகளை வெட்டித் திருத்தியதும் கொழுந்து பறித்ததும் யார் என்பது எங்கள் வீட்டுக் கதை. ஆகவே தேயிலையின் ருசியே தெரியாதபடி பழச்சாற்றில் மூழ்கடித்த கொம்புச்சாவைக் குடித்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. வாசனை சேர்ப்பது தேயிலைக்குத் துணையாக இருக்க வேண்டும்.

வாசனை சேர்ப்பது இரண்டாம் புளிப்பில், போத்தலில். தாயை எடுத்து, அடுத்த தடவைக்கு 300 மில்லிலீற்றர் ஒதுக்கி, மீதியைப் போத்தலில் ஊற்றி, பழமோ வேரோ சேர்த்து இறுக்கமாக மூடுகிறேன். காற்று இல்லாததால் வினாகிரி வேலை மந்தமாகிறது, மதுவம் மட்டும் தொடர்ந்து வாயுவை விடுகிறது. அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் பானத்திலேயே கரைந்து நுரையாகிறது.

இஞ்சிதான் எல்லோருக்கும் பிடித்தது. நம் ஊரில் எலிஃபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் குடித்து வளர்ந்த நாக்குகள் அல்லவா. பெரிய கொழுத்த இஞ்சி வேண்டாம், நாரோடு இருக்கும் சின்ன நாட்டு இஞ்சியைத் தோலோடு கழுவித் துருவி, 750 மில்லிலீற்றர் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டியும் ஒரு தேக்கரண்டி சீனியும். இரண்டு நாள் போதும். கொடித்தோடைக்கு ஒரு பழத்தின் சதையை விதையோடு அப்படியே கவிழ்க்கிறேன். அந்தப் புளிப்பும் வாசமும் நுவரெலியாத் தேயிலையோடு சேரும்போது வெள்ளவத்தை வெயிலில் வீடு திரும்பி ஒரு கிளாஸ் குடித்தால் உடம்பே குளிர்கிறது.

நன்னாரிக்காகப் புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போவேன். நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த தெரு, நடந்தாலே சட்டையில் மருந்து வாசம் ஏறும். சிங்களத்தில் இரமுசு என்று கேட்டாலும் நன்னாரி என்று கேட்டாலும் கிடைக்கும். வேரைக் கழுவிப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, போத்தலுக்கு கால் கப் சாறு. இதில் நுரை அதிகம் வராது. ஆனால் வாசத்துக்காகவே நான் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ரம்பைத் துண்டும் சேரை என்ற எலுமிச்சைப் புல்லும் போட்டுப் பார்த்ததில் ரம்பை ஒரு நாளில் எடுத்துவிட்டால் நல்லது, விட்டால் சோறு குடிப்பது போல் இருக்கும். கறுவாப் பட்டை மதுவத்தை மந்தமாக்கும், பொறுமை வேண்டும். விளாம்பழம் ஒரு தடவை போட்டேன், சேறு. ருசி நன்றாகத்தான் இருந்தது, வடித்து முடிக்கப் போதும் போதும் என்றாகிவிட்டது. பனங்கட்டியில் முதல் புளிப்பே போட்டுப் பார்த்தேன். புளிப்பு ஏற வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்தது. பனங்கட்டிக்குக் கருப்பநீர் இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவதே புளிக்காமல் இருக்கத்தானே, அதன் மிச்சம் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது வெள்ளைச் சீனிதான்.

அன்னாசியைப் பற்றி எழுதும்போது கை நிற்கிறது. 2022 மார்ச் மாதம். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம். தண்ணீர் கொதிக்க வைப்பதையே கணக்குப் பார்த்ததால், தேயிலையைச் சுத்தமான தண்ணீரில் இரவெல்லாம் ஊற வைத்து வடிக்கப் பழகியிருந்தேன். அந்த மாதத்தில் ஒரு கிழமை, அன்னாசி போட்ட நாலு போத்தலை ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். குளிரில் மதுவம் தூங்கிவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் மின்வெட்டு கூடிக்கொண்டே போய், மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை வந்தது. ஃபிரிட்ஜ் வெறும் அலுமாரியாகிவிட்டது. அன்னாசிச் சீனி நிறைய மிச்சமிருக்க, மதுவம் விழித்துக்கொண்டது. இரவு இரண்டு மணிக்கு ஒரு வெடிச் சத்தம், அதைத் தொடர்ந்து இன்னொன்று. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். டோர்ச் அடித்துத் திறந்தால் உள்ளே முழுக்கக் கண்ணாடித் தூள். சம்பல், பருப்பு, மகளுக்கு எடுத்து வைத்த பால், மறுநாள் சோற்றுக்கு வைத்த மீன் குழம்பு, எல்லாவற்றையும் கொட்ட வேண்டி வந்தது. ஒரு பால்மா பைக்கற்றுக்கு அலைந்த நாட்களில் அந்தப் பாலைக் கொட்டியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. கதவு திறந்திருந்த நேரம் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குப் பிறகு பல நாள் யோசித்தேன்.

அதன் பின் சில விஷயங்களை விட்டுக்கொடுப்பதில்லை. வாயுப் பானத்துக்கென்று செய்த தடித்த வட்டப் போத்தல் மட்டும், அழகுக்கு விற்கும் சதுரப் போத்தல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அதே கலவையைச் சின்னப் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் ஒன்றிலும் ஊற்றி வைக்கிறேன். அது அமுக்க முடியாமல் கல்லாக இறுகியதும் எல்லாம் ஃபிரிட்ஜுக்குப் போகும். இனிப்புப் பழம் என்றால் 18 மணித்தியாலத்திலேயே அமுக்கிப் பார்ப்பேன். குளிரவிட்டு, துணியால் மூடி, கழுவும் தொட்டிக்குள் வைத்துத்தான் திறப்பேன். நீண்ட மின்வெட்டு வந்தால் எல்லாப் போத்தலையும் திறந்து வாயுவை விட்டுவிடுவேன்.

மேல் மாடி ராத்தா ஒரு நாள் வந்து, "தங்கச்சி, இதுல போதைச் சாமான் ஏதும் ஈக்கா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். மதுவம் வேலை செய்யும் பானம், கொஞ்சமாவது மதுசாரம் இருக்கும். கடைச் சரக்கில் அரை வீதத்துக்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள், வீட்டில் போத்தலில் அடைத்தால் அதைத் தாண்டவும் கூடும். அவர் வேண்டாம் என்று விட்டார். அவருக்கு நான் இஞ்சியும் தேசிக்காயும் போட்டு சர்பத் கொடுக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கொடுப்பதில்லை. அது குணமாகும் இது குணமாகும் என்று சொல்லி யாருக்கும் கொடுப்பதும் இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால், அவருடைய டாக்டர் இதையும் இனிப்புப் பானமாகவே கணக்கில் எடுக்கச் சொன்னார். காலையில் கால் கிளாஸ், அவ்வளவுதான். நானும் ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிளாஸுக்கு மேல் குடிப்பதில்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தது. நன்றாகப் பழுத்த இரண்டைப் பிழிந்து, போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் சேர்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். ஜாடி இன்று நாலாம் நாள். மேலே புதுப் படலம் காகிதம் மாதிரி வந்திருக்கிறது. காலையில் அப்பா மோந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து உள்ளே இருந்தே குரல் கொடுத்தார்: "எல்லாத்துலயும் மாம்பழம் ஊத்திடாதம்மா. எனக்கு ஒரு போத்தல் வெறுசா வச்சிரு."